பதினான்கு சொற்கள்



உயர்கல்வியை ஆராய்கிற ஒருவர் டிஜிட்டல் தொழில்நுட்பத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்பது இந்த உரைக்கு எனக்குத் தரப்பட்ட பொருள். கடல் போன்ற தலைப்பு. கடலை அளக்க நான் முயலப்போவதில்லை. ஒரு செம்பு நீரை மொண்டு சுவைத்துப் பார்க்கப்போகிறேன். ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் நூலகத்தில் ஓட்டுகிற ஒப்புமைச் சோதனைதான் அந்தச் செம்பு. மாணவர்கள் அதை ‘ப்ளேஜியரிசம் செக்’ என்கிறார்கள். நூலகத்திலிருந்து வெளியே வருகிறவரைப் பார்த்து மற்றவர்கள் கேட்பது ஒரே கேள்வி: “எவ்வளவு வந்திருக்கு?”

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆய்வு செய்த ஒரு மாணவி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் என் அறைக்கு வந்து நின்றார். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர். விடுதியில் தங்கிப் படிக்கும் முதல் தலைமுறை மாணவிகளைப் பற்றி ஐந்து ஆண்டுகள் ஆய்வு செய்து, ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். நானறிய அந்த ஏட்டில் ஒரு வரிகூட யாரிடமிருந்தும் எடுத்ததில்லை. அறிக்கையில் 34 விழுக்காடு என்று வந்திருந்தது.

அன்று மாலை இருவரும் உட்கார்ந்து அந்த அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாக வரிகள் தீட்டப்பட்டிருந்தன. பெரிய சிவப்புப் பகுதி எதனோடு பொருந்தியது என்று பார்த்தால், அவரே எழுதி ஆய்விதழில் வந்த கட்டுரையோடு. ஏட்டைக் கொடுக்கும் முன் குறைந்தது ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின், அதாவது யுஜிசியின், 2016ஆம் ஆண்டு விதியாக அப்போது இருந்தது. விதிப்படி வெளியிட்டார். வெளியிட்டதே இப்போது அவருக்கு எதிரே வந்து நின்றது. மற்ற வண்ணங்கள் பெரும்பாலும் ஆய்வு முறையைச் சொல்லும் அத்தியாயத்தில் இருந்தன. மாதிரியை எப்படித் தேர்ந்தெடுத்தோம், நேர்காணலுக்கு எப்படி இசைவு பெற்றோம், எந்தப் புள்ளியியல் சோதனையைச் செய்தோம் என்பதையெல்லாம் உலகத்தில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சொற்களில்தான் எழுதுகிறோம். அப்படித்தான் எழுதவும் வேண்டும்.

அடுத்த ஆறு வாரங்கள் அந்த மாணவி செய்த வேலை என்னை இன்றுவரை உறுத்துகிறது. தெளிவாக இருந்த வாக்கியங்களைக் கலைத்தார். ஒரு சொல்லால் சொன்னதை மூன்று சொல்லாக்கினார். வழக்கமான கலைச்சொல்லை விட்டுவிட்டு அகராதியில் பக்கத்தில் இருந்த சொல்லைப் போட்டார். செய்வினையைச் செயப்பாட்டுவினை ஆக்கினார். 34 ஒன்பதாயிற்று. ஏடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. முதலில் எழுதியதைவிடக் கடைசியில் கொடுத்தது மோசமான ஏடு. அவருடைய கைடாக அதற்குக் கையெழுத்துப் போட்டவன் நான்.

அதே ஆண்டு தமிழில் எழுதப்பட்ட வேறொரு ஏடு மதிப்பீட்டுக்காக என்னிடம் வந்தது. இணைப்பில் சான்றிதழ் இருந்தது: ஒப்புமை 0 விழுக்காடு. இரண்டாம் அத்தியாயத்தைத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே, இதை எங்கோ படித்திருக்கிறோமே என்று தோன்றியது. என் அலமாரியில் இருந்த பழைய புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். நாற்பது பக்கங்கள், காற்புள்ளி மாறாமல்.

எப்படிச் சுழியம் வந்தது? காரணம் சிக்கலானதில்லை. அந்த ஏடு யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அந்த வகை எழுத்துருக்களில் திரையில் ‘க’ தெரியும். கோப்புக்குள் இருப்பதோ ஏதோ ஓர் ஆங்கில எழுத்தின் எண். மனிதக் கண்ணுக்கு அது தமிழ். கருவிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். அந்தக் குவியலைப்போல் உலகத்தில் வேறெதுவும் கிடைக்கவில்லை என்று கருவி சொன்னது. உண்மையைத்தான் சொன்னது. ‘என்னால் படிக்க முடியவில்லை’ என்ற பொருளில் அது தந்த சுழியத்தை, ‘குற்றமில்லை’ என்று படித்தவர்கள் நாம். யூனிகோடில் தமிழ் 1991இலிருந்தே இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. அதற்குப் பிறகும் பழைய எழுத்துருவில் ஏடுகள் வந்துகொண்டிருக்கின்றன. வழக்கமாகத் தட்டச்சு செய்து தருகிற கடையில் அந்த எழுத்துருதான் பழக்கம் என்பது பல இடங்களில் உள்ள எளிய காரணம்.

இந்த இரண்டு ஏடுகளுக்கும் நடுவில் நின்றுதான் நான் தொழில்நுட்பத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். அதற்கு முன் நான் படித்ததெல்லாம் ஆரவாரத்தோடு வந்த பெரிய விஷயங்களைப் பற்றி. 2011இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் செயற்கை நுண்ணறிவுப் பாடம் ஒன்றை இணையத்தில் இலவசமாகத் திறந்தபோது ஏறத்தாழ 1,60,000 பேர் பதிந்தார்கள். இனிக் கல்லூரிகளே வேண்டாம் என்று பேச்சு எழுந்தது. 2013இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகத்தில் ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டலின் காணொளி வகுப்பைப் பயன்படுத்தும்படி கேட்டபோது, அங்குள்ள தத்துவத் துறையினர் மறுத்து அவருக்கே திறந்த மடல் எழுதினார்கள். உலகமே விவாதித்தது. இவையெல்லாம் நல்ல விவாதங்கள்தான். ஆனால் நாம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்தப் பக்கம் ஒரு சுற்றறிக்கை வழியாக, எந்த விவாதமும் இல்லாமல், ஒரு சிறு கருவி நூலகத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அது வந்த நாள் எதுவென்று என்னால் நினைவுகூரக்கூட முடியவில்லை.

அந்தக் கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். கொடுத்த உரையைச் சிறு சிறு சொற்றொடர்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டையும் தன்னிடமுள்ள சேமிப்போடு ஒத்துப்பார்க்கிறது. சேமிப்பில் இணையப் பக்கங்கள், ஆய்விதழ்கள், இதற்கு முன் சோதனைக்கு வந்த மாணவர் கட்டுரைகள் எல்லாம் உண்டு. பொருந்திய பகுதி எவ்வளவு என்று விழுக்காடாகச் சொல்கிறது. அவ்வளவுதான். பொருத்தம் வேறு, திருட்டு வேறு என்பதை இந்தக் கருவிகளைச் செய்கிற நிறுவனங்களே சொல்கின்றன. மேற்கோள் குறி போட்டுப் பெயர் சொல்லி எடுத்ததும் பொருந்தும். திருடியதும் பொருந்தும். எது எது என்று சொல்ல, படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

சேமிப்பைப் பற்றிச் சொன்னேன். அதன் மதிப்பை எண்ணிப்பாருங்கள். இந்தக் கருவிகளில் மிகப் பெரியதான டர்னிட்டின், 1990களின் இறுதியில் பெர்க்லியில் பிறந்தது. 2019இல் அது கைமாறியபோது பேசப்பட்ட விலை ஏறத்தாழ 175 கோடி டாலர். அந்த விலையில் ஒரு பங்கு, உலகெங்கும் மாணவர்கள் வேறு வழியில்லாமல் ஏற்றிய கட்டுரைகளுக்கானது. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நால்வர், எங்கள் கட்டுரையை எங்கள் விருப்பமின்றிச் சேமித்து வைப்பது எங்கள் பதிப்புரிமையை மீறுவது என்று வழக்குத் தொடுத்தார்கள். 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அது நியாயமான பயன்பாடே என்று நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. மாணவர்கள் தோற்றார்கள். ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தோன்றிய அந்தக் கேள்வி, ஆயிரக்கணக்கான பேராசிரியர்களுக்குத் தோன்றாமல் போனதே என்று எனக்கு வருத்தம் உண்டு. எனக்கும் தோன்றவில்லை. நம் நாட்டில் 2019இல் ஷோத்சுத்தி திட்டத்தின் வழியாக உர்குண்ட் என்ற ஸ்வீடன் நாட்டுக் கருவி பல்கலைக்கழகங்களுக்கு வழங்கப்பட்டது. அது பிறகு ஒரிஜினல் என்று பெயர் மாறியது. 2021இல் டர்னிட்டின் அதை வாங்கிக்கொண்டது. நாம் ஏற்றிய ஏடுகள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

இனி விதிக்கு வருவோம். இங்கேதான் எனக்குப் பெரிய பாடம் கிடைத்தது. 2018இல் யுஜிசி கொண்டுவந்த கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிமுறைகளைப் பற்றி நம் வளாகங்களில் எல்லோருக்கும் தெரிந்தது சில எண்கள் மட்டும். 10 வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைக் கொடுக்க முடியாது. 60க்கு மேல் என்றால் பதிவே ரத்து. நானும் அவ்வளவுதான் அறிந்திருந்தேன். அந்த மாணவிக்குப் பிறகுதான் விதிமுறையை முழுதாகப் படித்தேன்.

படித்தபோது வியப்பாக இருந்தது. உரிய முறையில் பெயர் சொல்லி எடுத்த மேற்கோள்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறது விதி. நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை சேராது. சட்டங்கள், வழக்கமான கலைச்சொற்கள், சூத்திரங்கள் சேராது. எல்லோரும் அறிந்த செய்தியாகவோ தற்செயலாகவோ பொருந்துகிற தொடர்கள் பதினான்கு சொற்கள் வரை சேராது. அதற்கும் மேலாக, புகார் வந்தால் விசாரிக்கத் துறை அளவில் ஒரு குழு, நிறுவன அளவில் ஒரு குழு. சம்பந்தப்பட்டவரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும். அதாவது, விதியை எழுதியவர்கள் மனிதத் தீர்ப்புக்கு இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்தைக் காலி செய்தவர்கள் நாம். குழு கூடுவதற்கு நேரமாகும். எண் உடனே வருகிறது. குழுவில் முடிவெடுத்தால் நாளை யாராவது ஏன் என்று கேட்பார்கள். எண்ணை யாரும் கேட்பதில்லை.

டிஜிட்டல் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பொறியாளர் கேட்கும் கேள்வி, இது எப்படி வேலை செய்கிறது என்பது. நிர்வாகி கேட்பது, இதற்கு என்ன செலவாகும் என்பது. உயர்கல்வி ஆய்வாளருக்கு என்று தனியாக ஒரு கேள்வி உண்டு என்று நான் நம்புகிறேன்: இந்தக் கருவி வந்த பிறகு எந்தத் தீர்ப்பு யார் கையைவிட்டுப் போயிற்று? ஏட்டின் நேர்மையைப் பற்றிய தீர்ப்பு, படித்தவரிடமிருந்து படிக்காததிடம் போயிருக்கிறது. யாரும் பறிக்கவில்லை. நாமே கொடுத்தோம். கொடுத்தபோது நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதியைத்தான் ஆராய வேண்டும் என்கிறேன்.

அந்தப் பதினான்கு சொற்களுக்குத் திரும்ப வருகிறேன். அதன் மேல் எனக்கு ஒரு பிடிப்பு ஏற்பட்டுவிட்டது. பதினான்கு என்பது யாருடைய மொழியில் பதினான்கு? ‘போகமுடியாதவர்களுக்காகத்தான்’ என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்லக் குறைந்தது ஆறு சொற்கள் வேண்டும். தமிழில் பதினான்கு சொற்களில் ஒரு கருத்தைத் தொடங்கி, விளக்கி, முடித்தும்விடலாம். ஒரு குறளுக்கு ஏழு சீர். இரண்டு முழுக் குறட்பாக்கள் பதினான்கு சீருக்குள் அடங்கிவிடும். வள்ளுவர் இரண்டு முறை சொல்லி முடித்ததை இந்த விதி தற்செயல் என்று விட்டுவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் பொருத்திப் பார்க்கும் கருவிக்கு, ‘கல்விக் கொள்கை’யும் ‘கல்வி கொள்கை’யும் வேறு வேறு. ‘செய்துகொண்டார்’ என்று சேர்த்து எழுதினால் ஒரு சொல், பிரித்து எழுதினால் இரண்டு. ஒருவருடைய பத்தியை எடுத்து ஒற்றுகளைத் தின்றுவிட்டு, சொற்களை இங்கங்கே பிரித்துப் போட்டால் சங்கிலி அறுந்துவிடும். பிழையாக எழுதுகிறவர் தப்பிக்கிறார். ஆங்கில நூலிலிருந்து அப்படியே மொழிபெயர்த்து எழுதினால் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. ஆக, தமிழ் ஏட்டில் இந்த விழுக்காடு எதை அளக்கிறது என்று யாராவது உட்கார்ந்து ஆராய வேண்டாமா? கணினியியல் தெரிந்த ஒருவரும் இலக்கணம் தெரிந்த ஒருவரும் சேர்ந்தால் நல்ல ஆய்வேடே எழுதலாம். இங்கே உட்கார்ந்திருக்கிற மாணவர்கள் யாராவது எடுத்துக்கொண்டால் நான் கூட இருந்து உதவத் தயார்.

எண் வந்தால் சிந்தனை நின்றுவிடுவது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ‘கோர்ஸ் சிக்னல்ஸ்’ என்ற கருவி இருந்தது. மாணவர் பின்தங்குகிறாரா என்று கணித்து, சாலை விளக்குபோலச் சிவப்பு, மஞ்சள், பச்சை காட்டும். அந்தக் கருவி உள்ள பாடங்கள் இரண்டையோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் படிப்பை இடையில் விடுவது குறைவு என்று பெருமையாக அறிவித்தார்கள். 2013இல் மைக் கால்ஃபீல்டு என்ற கல்வியாளர் எளிமையாக ஒன்றைக் கேட்டார்: படிப்பை விட்டுப் போகாமல் இருப்பவர்தானே அதிகப் பாடங்கள் எடுத்திருப்பார்? நூறு பொங்கல் கொண்டாடியவர்கள் நீண்டநாள் வாழ்ந்திருக்கிறார்கள், ஆகவே பொங்கல் கொண்டாடினால் ஆயுள் கூடும் என்பதுபோன்ற வாதம் அது. அல்ஃபிரட் எசா என்பவர் இன்னும் ஒரு படி போனார். கருவிக்குப் பதில் மாணவர்களுக்குச் சாக்லேட் கொடுத்ததாக வைத்துக்கொண்டு கணினியில் போட்டுப் பார்த்தார். சாக்லேட்டும் அதே பலனைத் தந்தது. பெரிய ஆய்வகமோ நிதியோ இல்லாமல், வரிசையை மாற்றிக் கேட்ட ஒரு கேள்வியால் நடந்த வேலை இது. நம் துறைக்குத் தேவை இந்த மாதிரி வேலைதான்.

இப்போது அடுத்த கருவி வாசலில் நிற்கிறது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்தது. அதன் பின்னாலேயே, இதை மனிதர் எழுதினாரா இயந்திரம் எழுதியதா என்று சொல்லும் கருவிகளும் வந்தன. சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒன்றை வெளியிட்டது. இயந்திரம் எழுதியவற்றில் 26 விழுக்காட்டைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டின் மேல் தவறாகப் பழி போட்டது. அதே ஆண்டு ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். செய்தவராலேயே முடியாததை விற்பவர்கள் முடியும் என்கிறார்கள்.

ஒப்புமைச் சோதனைக்காவது, இதோ பார், இந்த வரி அங்கே இருக்கிறது என்று காட்ட முடிந்தது. மாணவி என்னிடம் வந்தபோது பார்ப்பதற்கு ஒரு மூலம் இருந்தது. இந்தப் புதிய கருவிகள் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. அடுத்து என்ன சொல் வரும் என்று எளிதில் ஊகிக்க முடிகிற நடையாக இருந்தால் இயந்திரம் எழுதியது என்று சந்தேகப்படுகின்றன. யாருடைய நடை ஊகிக்க எளிது? குறைந்த சொற்களை வைத்துக்கொண்டு, கற்றுக்கொடுத்த தொடர்களைக் கவனமாகக் கையாண்டு, தப்பு வந்துவிடக் கூடாதே என்ற அச்சத்தோடு எழுதுகிறவருடைய நடை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியவை என்று அவை சொல்லின. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளில் அந்தத் தவறு அநேகமாக இல்லை. இந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்கு அந்த மாணவியின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் இப்படிப்பட்ட வசதியை நிறுத்தி வைத்தது. அவர்கள் போட்ட கணக்கு நம் எல்லோருக்கும் பழக்கமாக வேண்டும். 2022இல் அவர்கள் சோதனைக்கு அனுப்பிய கட்டுரைகள் 75,000. தவறு 1 விழுக்காடுதான் என்றே வைத்துக்கொண்டாலும் 750 கட்டுரைகள் மேல் பொய்ப்பழி. ஒரு விழுக்காடு என்று கேட்கும்போது சிறிதாகத் தெரிகிறது. எழுநூற்றைம்பது என்றால் ஒரு சிறு கல்லூரி. நம் வளாகத்தில் இதே வசதியை இயக்கலாமா என்று கேட்டு விரைவில் கோப்பு வரும். கையெழுத்துப் போடும் இடத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து இந்தப் பெருக்கலைச் செய்துபார்த்துவிட்டுப் போடுங்கள்.

கருவியே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். திருட்டு நடக்கிறது. நாற்பது பக்கம் காற்புள்ளி மாறாமல் எடுத்தவரை நானே பார்த்தேன். ஆய்வேடுகளை மின்வடிவில் கொடுக்க வேண்டும் என்ற 2009ஆம் ஆண்டு விதியும், அவற்றைத் திறந்து வைத்த ஷோத்கங்கா களஞ்சியமும் செய்த நன்மை பெரிது. முன்பெல்லாம் ஓர் ஏட்டைப் பார்க்க இரவு முழுக்கப் பேருந்தில் போய், நூலகர் விடுப்பு என்று கேட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். இன்று என் மாணவர்கள் கிராமத்து வீட்டில் இருந்துகொண்டு கைபேசியில் படிக்கிறார்கள். திறந்து வைத்ததே திருட்டுக்கு ஓரளவு தடையும் ஆனது, பார்க்கிற கண்கள் கூடியதால். தொழில்நுட்பம் நம் கண்ணுக்கு உதவிய இடம் அது. கண்ணுக்குப் பதிலாக வந்த இடத்தில்தான் எனக்கு வழக்கு.

எங்கள் துறையில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அறிக்கையின் முதல் பக்கத்தில் உள்ள மொத்த எண்ணைத் தாள் வைத்து மறைத்துவிடுவோம். மாணவரும் கைடும் இன்னோர் ஆசிரியரும் உட்கார்ந்து தீட்டிய வரிகளை ஒவ்வொன்றாகப் படிப்போம். இது உன் சொல்லா, எடுத்ததா, எடுத்தால் யாரிடமிருந்து, ஏன் பெயர் சொல்லவில்லை என்று கேட்போம். ஓர் ஏட்டுக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. சில நாள் மூன்று. வேலைப்பளு என்று முணுமுணுப்பு உண்டு, நியாயமான முணுமுணுப்புதான். தமிழ் ஏடென்றால் யூனிகோடில் கொடுத்தால்தான் வாங்குவோம். முதல் ஆண்டிலேயே இரண்டு பேர், அடுத்தவர் சொன்னதற்குப் பெயர் சொல்ல வேண்டும் என்பதே எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். எம்.ஏ. படித்து முடித்து வந்தவர்கள். அந்தப் பேச்சு எந்த விழுக்காட்டிலிருந்தும் கிடைத்திருக்காது. அதிலிருந்துதான் முதலாண்டு மாணவர்களுக்கு மேற்கோள் காட்டுவதைப் பற்றி ஒரு வகுப்பு தொடங்கினோம்.

அந்த மாணவி இப்போது ஓர் அரசுக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். தன் ஏட்டைத் தமிழில் புத்தகமாக எழுதிக்கொண்டிருக்கிறார். ஏற்றுக்கொள்ளப்பட்ட படியை வைத்து எழுத வேண்டாம், கலைப்பதற்கு முந்தைய படியை எடுங்கள் என்று சொன்னேன். அதை அவர் அழிக்காமல் வைத்திருந்தார். போன வாரம் முதல் அத்தியாயம் வந்தது. விடுதி அறையில் எட்டுப் பேருக்கு இருந்த ஒரே மேசையை மாணவிகள் நேரம் பிரித்துப் பங்கிட்டுக்கொண்டதைப் பற்றிய பகுதி, நான் முதன்முதலில் படித்தபோது இருந்த அதே தெளிவோடு இருக்கிறது. ஓரத்தில் பென்சிலால் மூன்று இடங்களில் குறித்து வைத்திருக்கிறேன். ஒற்று விட்டுப்போன இடங்கள்.